ஒரு வருஷம், ஒரே குளம்: நெல்லைப் பக்கம் களவகுப்பு தொடங்கும் ஆசிரியர்களுக்கு

கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதைத்தான். ஆசை நியாயமானது. மேற்கே திரும்பினால் பொதிகை தெரிகிற ஊரில் இருந்துகொண்டு காட்டுக்குப் போகாமல் உயிரியல் நடத்துவதா என்று தோன்றத்தான் செய்யும். ஆனாலும் முதல் வருஷம் மலைக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன். கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஒரு குளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே குளத்துக்கு மாதம் தவறாமல், ஒரு வருஷம் முழுக்கப் போங்கள்.

காரணம் இருக்கிறது. நாற்பது பேரை வேனில் ஏற்றிக் காரையாறு வரை போய்வந்தால் பிள்ளைகள் பார்ப்பது அணை, குரங்கு, சொரிமுத்து அய்யனார் கோயில். நாற்பது பேர் பேசிக்கொண்டு நடக்கிற இடத்தில் எந்த விலங்கும் நின்று முகம் காட்டாது. அப்படியே ஒன்று கண்ணில் பட்டாலும், ஒரே ஒரு நாள் பார்த்ததை எதோடு ஒப்பிடுவது? குளத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஜூனில் ஆடு மேய்ந்த இடத்தில் டிசம்பரில் வாத்து நீந்தும். போன மாதம் இருந்தது இந்த மாதம் ஏன் இல்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் உங்கள் பாடம் பாதி முடிந்தது.

நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். 1970-களின் பிற்பகுதியில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். காட்டில் தன்போக்கில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்தியர் ஒருவர் அவ்வளவு விரிவாக ஆராய்ந்ததில் அது முன்னோடி வேலை. அப்புறம் டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனத்தில் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர்களைக் காட்டில் நடக்கவைத்துப் பாடம் சொன்னார். 2005-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-இல் காலமானார். அவருடைய செந்நாய் ஆய்வின் அடித்தளத்தைப் பாருங்கள்: ஒரே நிலப்பரப்புக்குத் திரும்பத் திரும்ப நடந்து போவது, கால்தடத்தையும் எச்சத்தையும் தின்றுவிட்டுப்போன இரையின் மிச்சத்தையும் பார்த்து அன்றன்றே குறித்துக்கொள்வது. இந்தப் பழக்கத்தைப் பழக்க உங்கள் ஊர்க் குளத்துச் சேறே போதும்.

துறைத்தலைவரிடம் பேசும்போது ஒரு விஷயம் கைகொடுக்கும். விலங்கியல் செய்முறை வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லி 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. தவளையும் கரப்பானும் போன இடத்தில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.

எந்தக் குளம்?

பெரிய குளமாக எடுக்காதீர்கள். விஜயநாராயணம் குளம் அழகுதான், ஆனால் புதிதாகப் பைனாகுலர் பிடிக்கிறவர்களுக்கு அங்கே பறவைகள் எல்லாம் புள்ளியாகத்தான் தெரியும். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நின்று நின்று நடந்துவிடக்கூடிய குளம் போதும். டவுன்காரர்களுக்கு நயினார்குளம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து அரியகுளம் பக்கம். வடக்கே ராஜவல்லிபுரம். இவையெல்லாம் ஏற்கெனவே பறவை பார்ப்பவர்கள் போய்வருகிற குளங்கள், பழைய பதிவுகளோடு ஒப்பிட வசதி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து கால்வாய் வழியாக நிறைகிற குளம் என்றால், பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்ததும், ஜூனில் தொடங்கும் கார் நெல் பருவத்துக்கே ஓரளவு தண்ணீர் வரும். மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் குளம் என்றால் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். பறவைகளின் வருகையும் அதற்கேற்ப மாறும். இரண்டு வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்றால், ஒரு வகுப்புக்குக் கால்வாய்க் குளம், இன்னொரு வகுப்புக்கு மானாவாரிக் குளம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஒப்பீட்டுக்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று, நம் நிலத்தின் சரிவு. மேற்கே மலை, கிழக்கே கடல். அதனால் இங்கே பெரும்பாலான குளங்களுக்குக் கிழக்குப் பக்கம்தான் கரை இருக்கும், மேற்கே தண்ணீர் ஒன்றுமில்லாமல் மெலிந்து வயலிலும் புதரிலும் போய் முடியும். காலையில் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், வெயில் பறவையின் மேல் நேராக விழும், நிறம் துல்லியமாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஆகவே களவகுப்பு காலையில்தான். ஆறரைக்குக் கரையில் இருக்க வேண்டும், ஒன்பதுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

ஊர்க் குளத்தில் கரையில் நின்று பறவை பார்க்க அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். ஆனால் சொல்லாமல் போய் நிற்கக் கூடாது. பஞ்சாயத்துத் தலைவரை ஒரு தடவை பார்த்து, கல்லூரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறவரைத் தேடிப்பிடியுங்கள். குளத்தின் எந்த மூலையில் எவ்வளவு ஆழம், போன வருஷம் எப்போது குளம் நிரம்பி மறுகால் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது ஆள் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர். இவரைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பணம் கட்டிக் குஞ்சு விட்டிருப்பவர் அவர். நீர்க்காகமும் கூழைக்கடாவும் அவர் கண்ணுக்கு நஷ்டமாகத் தெரியும், சில இடங்களில் வெடி போட்டு விரட்டவும் செய்வார்கள். பைனாகுலரோடு ஒரு கூட்டம் வந்து நின்றால், நம்மேல் புகார் எழுத வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். முதல் நாளே போய், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். அவர் பக்கத்தையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மீன் விட்டார், எந்த மாதம் பிடித்தார், பறவை எதைத் தின்றது என்று அவர் நினைக்கிறார். பிள்ளைகளுக்கு இதுவும் பாடம்தான்.

சரணாலயமும் புலிகள் காப்பகமும் வேறு கதை. அங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பேசும். கூந்தன்குளத்துக்கு வகுப்போடு போவதென்றால் வனத்துறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். முதல்வர் கையெழுத்து, மாணவர் பட்டியல், கூட வரும் ஆசிரியர்கள், வண்டி, தேதி, நோக்கம், இவ்வளவும் கடிதத்தில் இருக்கட்டும். களக்காடு முண்டந்துறை என்றால் அம்பாசமுத்திரத்திலும் களக்காட்டிலும் துணை இயக்குநர் அலுவலகங்கள் இருக்கின்றன. எந்தப் பகுதிக்குப் போகிறீர்களோ அந்த அலுவலகத்தில் கேளுங்கள். ஆய்வு என்று வந்துவிட்டால் சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை கோப்பு போகும், அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

ஐந்து பேருக்கு ஒரு பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாக்குவதாக வாங்குங்கள். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனியிலும் தூறலிலும் மை ஊறிவிடும். தொப்பி, தண்ணீர், மூடின காலணி. வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற சிவப்பும் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கழிப்பறையைப் பற்றி முதலிலேயே யோசித்துவிடுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடமோ, கரைக்குப் பக்கத்து வீட்டிலோ கேட்டு வைத்துவிட்டுத்தான் தேதியே குறிக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்குகிறார்கள், இல்லையென்றால் அடுத்த தடவை வர மாட்டேன் என்கிறார்கள்.

ஆபத்துகளைப் பற்றிச் சுருக்கமாக. யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கணுக்கால் ஆழம் என்றாலும். கோடையில் கரம்பை மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் ஆளை மூழ்கடிக்கிற ஆழத்தில் இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கரையில் நடுப்பாதையில் நடங்கள், புல்லுக்குள் கால் வைக்காதீர்கள், கண்ணாடிவிரியன் அங்கேதான் படுத்திருக்கும். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். புதர் ஓரம் உட்கார்ந்து எழுதியவர்கள் வீட்டுக்குப் போனதும் குளித்து உடை மாற்றட்டும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புதர்க்காட்டில் இருந்தோம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் உண்ணிக்காய்ச்சல் உண்டு. சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

முதல் நாள்: பெயர் வேண்டாம்

முதல் வகுப்பில் ஒரு பறவையின் பெயரையும் சொல்லாதீர்கள். பெயர் கிடைத்ததும் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பறவையைக் காட்டி, இருபது நிமிஷம் அதையே பாருங்கள் என்று உட்காரவையுங்கள். அலகு எப்படி, கால் எவ்வளவு உயரம், தண்ணீர் காலில் எதுவரை நிற்கிறது, எத்தனை தடவை குத்தியது, எத்தனை தடவை ஏதாவது கிடைத்தது. இதை எழுதி, கோணல்மாணலாக இருந்தாலும் ஒரு படம் போட வேண்டும்.

சங்குவளை நாரை கிடைத்தால் அதிர்ஷ்டம். வர்ண நாரை என்றும் சொல்வார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, மஞ்சள் அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் மெல்ல வீசிக்கொண்டே நடக்கும். அது மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் மீன் பட்டதும் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கலங்கின தண்ணீரிலும் அதற்கு இரை கிடைக்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் ஒரு காலால் அடிச்சேற்றைக் கிளறுவது தெரியும். சில சமயம் அந்தப் பக்கத்துச் சிறகை விரித்துக் காட்டும். பதுங்கியிருந்த மீன் கிளம்பி ஓடும்போது அலகு அங்கே காத்திருக்கும். பக்கத்திலேயே சின்ன வெள்ளைக்கொக்கு ஒன்று நின்றிருந்தால், அது முழுக்க முழுக்கக் கண்ணை நம்பி, கழுத்தை மடக்கி வைத்துக் குத்தும். இருவர் எழுதிய குறிப்பையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே தண்ணீரில் இரண்டு வேலை நடப்பது புரிந்துவிடும்.

நத்தைகுத்தி நாரை இருக்கிற குளமானால் கரையோரம் காலி நத்தை ஓடுகள் கிடக்கும். ஓடு உடைந்திருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டை நொறுக்காமலே சதையை வெளியே இழுக்கிற வித்தை அந்த இடைவெளி விட்ட அலகுக்குத் தெரியும். ஓட்டுக் குவியலை அங்கேயே எண்ணி, அங்கேயே விட்டுவிட்டு வரலாம். இறகு, முட்டை, கூடு எதையும் எடுத்து வரக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மயில்தோகை உள்பட.

தாமரையோ ஆம்பலோ படர்ந்த குளத்தில் இலைக்கோழி இருக்கும். நீண்ட விரல்களால் இலை மேல் நடப்பது. அதன் குடும்ப வாழ்க்கையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். முட்டையிட்டுவிட்டுப் பெண் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு அலைவதும் ஆண். வகுப்பில் இதைப் பற்றி நடக்கிற விவாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

எண்ணப் பழகுவது

இரண்டாவது வகுப்பில் பெயர்கள் சொல்லலாம். பதினைந்து பறவைகள் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்: முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, மடையான், கொக்கு வகைகள், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, ஆட்காட்டி, மீன்கொத்தி, புள்ளிமூக்கு வாத்து, இப்படி. ஊர்க்காரர்கள் வேறு பெயர் சொன்னால் அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகுப்பிலிருந்து எண்ணிக்கை. ஐம்பதுக்குக் கீழே என்றால் ஒன்றொன்றாக எண்ணலாம். கூட்டம் பெரிதானால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, மீதிக் கூட்டம் அதைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். இதற்குக் கல்லூரியிலேயே பழகலாம். ஒரு பிடி நெல்லை வெள்ளைத்தாளில் வீசி, பத்து விநாடியில் எத்தனை என்று எழுதச் சொல்லி, அப்புறம் எண்ணிப் பாருங்கள். எல்லாருமே குறைத்துத்தான் சொல்வார்கள். பழகப் பழகச் சரியாகும்.

களத்தில் ஒரே கூட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். எழுதி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. ஒருவர் 120, மற்றவர் 180 என்று வந்தால் சராசரி போட்டு மறைத்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதி, ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பேசுங்கள். பறந்து போனதா, நாணலுக்குப் பின்னால் இருந்ததை ஒருவர் மட்டும் பார்த்தாரா? பூஜ்யத்தையும் எழுத வேண்டும். தேடியும் நாமக்கோழி ஒன்றுகூட இல்லை என்பது ஒரு தகவல், அதை எழுதாமல் விட்டால் பின்னால் பார்க்கிறவருக்கு, இல்லையா அல்லது பார்க்கவில்லையா என்று தெரியாது.

ஒவ்வொரு தடவையும் பறவைக்கு முன்னால் குறிக்க வேண்டியவை சில உண்டு. தேதி, நேரம், வெயில், காற்று, தண்ணீர் மட்டம். தண்ணீர் மட்டத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். படித்துறையில் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணினால் போதும். படித்துறை இல்லாத குளத்தில் மடைச்சுவரில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், குளத்துக்குள் எத்தனை ஆடுமாடு, எத்தனை நாய், எத்தனை பேர் தூண்டில் போடுகிறார்கள், கோழிக்கழிவு எங்கே கொட்டியிருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசும் நாள் வரும்போது இந்த வரிசைதான் உதவும்.

மாதங்கள்

ஜூன், ஜூலையில் தொடங்கும்போது குளம் காய்ந்து கிடக்கலாம். பரவாயில்லை, போங்கள். காய்ந்த சேற்றில் கால்தடம் படிக்கக் கற்றுக்கொடுக்க இதுவே நல்ல காலம். கீரிப்பிள்ளை, நாய், நரி, நாரை, ஆடு எல்லாம் நடந்து போயிருக்கும். நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் காண்பது லேசில்லை, அதற்காகவே ஒரு வகுப்பு செலவழிக்கலாம்.

அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. குளம் பாதி நிறைந்து ஓரமெல்லாம் ஆழம் குறைந்திருக்கும்போது பறவை வகைகள் கூடும். குளம் நிரம்பிவிட்டால் நீண்ட கால் பறவைகள் குறைந்து நீந்துகிறவை, முங்குகிறவை அதிகமாகும். தண்ணீர் அதிகம் என்றால் பறவையும் அதிகம் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். நோட்டைப் பார்த்து அவர்களே அதைத் திருத்திக்கொள்வார்கள். டிசம்பர், ஜனவரியில் வலசை வாத்துகள் வரும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்து கூந்தன்குளம் பக்கம் தெரியும்.

மார்ச், ஏப்ரலில் தண்ணீர் வற்ற வற்ற மீன் ஒரே இடத்தில் ஒதுங்கும், பறவைகளும் அங்கே வந்து மொய்க்கும். மீன்பிடியும் அப்போதுதான். தேர்வு நேரம் என்று இந்த மாதங்களை விட்டுவிடாதீர்கள். நான்கு பேர் போய் எண்ணிவிட்டு வந்தாலும் போதும்.

மே மாதம் காய்ந்த குளத்துக்குள் ஆட்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றுமில்லை, கூழாங்கல்லுக்கிடையே ஒரு சின்னக் குழி, அதில் பொதுவாக நான்கு முட்டை. நெருங்கினால் கத்திக்கொண்டு தலைக்கு மேலேயே வரும். உடனே விலகிவிடுங்கள். அந்த வெயிலில் தாய்ப்பறவை எழுந்துபோயிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் முட்டைக்கு ஆபத்து. தூரத்தில் ஏதாவது நிழலில் உட்கார்ந்து பார்த்தால் ஓர் அருமையான காட்சி கிடைக்கும். பக்கத்தில் எங்காவது மிச்சமிருக்கும் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும்.

பிற இடங்கள்

ஆறு மாதம் சொந்தக் குளத்தில் பழகிய பிறகு ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு நாள் கூந்தன்குளம் போங்கள். நெல்லையிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில், மூலைக்கரைப்பட்டி வழி. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். சரணாலயம் என்றதும் ஊருக்கு வெளியே வேலி போட்ட காடு என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் இருக்கிற மரங்களிலேயே நாரை கூடு கட்டியிருக்கும், கீழே வீட்டுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்துவந்த பால்பாண்டியைப் பற்றி அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரசு ஆணை வருவதற்கு முன்பே ஒரு ஊர் பறவையை எப்படிக் காப்பாற்றியது என்பதைப் பிள்ளைகள் அந்த ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டு எழுதட்டும்.

திருப்புடைமருதூர் இன்னும் சின்னது. நாறும்பூநாதர் கோயிலையும் ஆற்றங்கரையையும் ஒட்டிய மரங்கள், மொத்தம் மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. ஊர்க்காரர்கள் விரும்பிக் கேட்டு 2005-இல் பாதுகாப்புக் காப்பகமானது. பரப்பளவு குறைவு என்பதால் ஒரே காலையில் எல்லாக் கூட்டையும் தூரத்திலிருந்து எண்ணிவிடலாம்.

இரண்டு இடத்திலும் கூட்டுக்குக் கீழே கூட்டமாக நிற்பதும், கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதும், போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் கூடாது.

களக்காடு முண்டந்துறைக்கு இரண்டாம் வருஷம் போகலாம். 1988-இல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நோட்டு எழுதப் பழகின பத்துப் பதினைந்து பேரோடு மட்டும் போங்கள். அவர்களுக்குக் குரங்கைப் பார்த்தாலும் எழுத விஷயம் இருக்கும்.

எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது?

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மதிப்பெண் போட்டதும் நோட்டை அலமாரியில் பூட்டிவிட்டால், பிள்ளைகள் பட்ட பாட்டால் குளத்துக்குப் பலன் ஒன்றும் இல்லை.

முதலாவது, ஒவ்வொரு காலையின் பட்டியலையும் அன்றே ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். வகுப்புக்கு ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்து, ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 1987-இலிருந்து நடந்துவருவது. நம் பகுதிக்கென்றே தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இலிருந்து நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்றவர்களோடு சேர்ந்து நடத்துகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள், பயிற்சியும் தருவார்கள். உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே எண்ணப் பழகியவர்கள் என்பதால் அங்கே உடனே வேலைக்கு ஆவார்கள்.

ஆனால் குளத்தின் விதி முடிவாவது ஊரிலும் தாலுகா அலுவலகத்திலும்தான். இரண்டு சந்தர்ப்பங்களைக் கவனியுங்கள். ஒன்று, தூர்வாருதல். 2017-இல் குடிமராமத்து என்ற குளம் சீரமைக்கும் அரசுத் திட்டம் மறுபடி தொடங்கியதிலிருந்து நிறையக் குளங்களில் இயந்திரம் இறங்கியிருக்கிறது. தூர்வாருவது தேவைதான், விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் ஓரம் முதல் நடு வரை ஒரே ஆழமாக வெட்டிவிட்டால், முழங்கால் அளவுத் தண்ணீரில் மேய்கிற நாரைக்கும் உள்ளானுக்கும் கொக்குக்கும் நிற்க இடமில்லாமல் போகும். மேற்கு ஓரத்தை வெட்டாமல் சரிவாக விட்டுவிடுங்கள், கரைப் பக்கம் ஆழப்படுத்துங்கள் என்று பொறியாளரிடம் கேட்கலாம். வெறும் வாய்ப்பேச்சாகக் கேட்டால் எடுபடாது. எந்த மாதம், எந்த ஓரத்தில், எத்தனை பறவை என்று ஒரு வருஷக் கணக்கும் ஒரு கைவரைபடமும் கையில் இருந்தால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

மற்றது, குளத்துக்குள் நிற்கிற நாட்டுக்கருவேல மரங்களின் ஏலம். நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். வெட்டுகிற காலமும் கூடு கட்டுகிற காலமும் ஒன்றாக விழுந்துவிட்டால் குஞ்சோடு மரம் சாயும். ஏலம் எப்போது என்று வனத்துறையில் முன்பே விசாரித்து, எந்தெந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று அடையாளம் சொல்லி, வெட்டுவதைத் தள்ளிவைக்கவும் சில மரங்களை விட்டுவைக்கவும் எழுத்தில் கேளுங்கள். ஊர்க்காரர்கள் கையெழுத்தும் இருந்தால் பலம்.

ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குளத்தைப் பற்றிப் பேசத் தோதான நாள். தலைவரிடம் முன்பே சொல்லி நேரம் வாங்கிவிடுங்கள். நீங்கள் பேசாதீர்கள், இரண்டு மாணவர்கள் பேசட்டும். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் அவரே பேசட்டும். பத்து நிமிஷம், ஒரு பெரிய சார்ட், மாதாமாதம் தண்ணீரும் பறவையும். பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்கும், ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் பட்டியலைச் சேர்க்கச் சொல்லி ஒரு பிரதியையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. அழகான படத்துக்கும் நீளமான அறிக்கைக்கும் போடாதீர்கள். களத்தில் எழுதிய அழுக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். நேரம் இருக்கிறதா, படி எண்ணிக்கை இருக்கிறதா, பூஜ்யம் இருக்கிறதா, சந்தேகம் வந்த இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து சுத்தமாகத் திருப்பி எழுதின நோட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த ஜூனில் புது வகுப்பு வரும். குளத்தை மாற்றாதீர்கள். பழைய வகுப்பின் நோட்டுகளை ஸ்கேன் செய்து துறை கணினியில் போட்டு, அசல்களை அட்டைபோட்டுத் துறை நூலகத்தில் வையுங்கள். முதல் களநாளுக்குச் சீனியர் இரண்டு பேரைக் கூடவே அனுப்புங்கள். எந்தப் படியிலிருந்து எண்ண வேண்டும், மடைக்காரர் வீடு எது, எந்தப் பள்ளத்துப் பக்கம் போகக் கூடாது என்று அவர்களே காட்டிக்கொடுப்பார்கள்.